பனி கொட்டும் ஊருக்கு இருக்கும் கவலை மழை கொட்டும் ஊருக்கு வேண்டாமா?

உல்லாஸ்நகர்:

ஜப்பான் நாட்டில் சப்போரோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே சுமார் 20 லட்சம் பேர் வசிக்கிறார்கள். ஒரு குளிர்காலத்தில் அங்கே பெய்யும் பனியைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 5 மீட்டர் வரும். மூன்று ஆட்களை ஒருவர் தோள் மேல் ஒருவராக நிறுத்தினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு பனி!

அப்படியும் அந்த ஊரில் காலையில் ஆபீஸ் நடக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ரெயில் ஓடுகிறது.

உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கும் தொழிலாளிக்கும், தாராவியில் இட்லி வியாபாரம் செய்பவருக்கும், மாட்டுங்காவில் இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகும் குமாஸ்தாவுக்கும் பனியோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இங்கே பனி பெய்வதில்லை. ஆனால் மழை பெய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதத்தில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 1,400 மில்லிமீட்டர்தான்.

பனி பெய்யும் ஊருக்குப் பனி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. மும்பைக்கும் மழை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. பனி சாலையை மூடுகிறது. மழையும் மூடுகிறது. பனி தண்டவாளத்தில் பாயிண்டை இறுகச் செய்து ரெயிலை நிறுத்துகிறது. மழைத் தண்ணீர் பாயிண்ட் மோட்டாரில் புகுந்து ரெயிலை நிறுத்துகிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அவர்கள் பனியை ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலையாக நினைக்கிறார்கள். இங்கே மழையை ஆண்டுதோறும் வரும் அதிர்ச்சியாக நினைக்கிறார்கள்!

விடிவதற்குள் வேலை

சப்போரோவில் புதிதாக 10 சென்டிமீட்டர் அளவுக்குப் பனி சேர்ந்தால் பனி தள்ளும் வண்டிகள் புறப்பட வேண்டும் என்று ஏற்பாடு. நள்ளிரவில் புறப்பட்டு, மக்கள் வேலைக்குக் கிளம்புவதற்குள் முக்கியச் சாலைகளைச் சுத்தம் செய்துவிடுவார்கள். யாரும் மேலதிகாரிக்குப் போன் செய்து, உத்தரவு வாங்கி, பிறகு டிரைவரைத் தேடிக்கொண்டு ஓடுவதில்லை. அளவு வந்தால் வேலை தொடங்கும். அவ்வளவுதான்.

கனடாவில் உள்ள மாண்ட்ரியல் நகரில் இன்னொரு முறை இருக்கிறது. எந்தத் தெருவில் எப்போது பனியை அள்ளப் போகிறோம் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த நேரத்தில் அங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்று தெருவிலேயே பலகை வைப்பார்கள். அள்ளுவதற்கு முன் சங்கு ஊதுவார்கள். அப்படியும் காரை எடுக்காதவரின் காரை இழுத்துப் போய்விடுவார்கள். முதலில் பெரிய சாலைகள், பஸ் போகும் வழிகள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். அதன் பிறகே சின்னத் தெருக்கள். இந்த வரிசை ஊருக்கே தெரியும். அள்ளிய பனியை எங்கே கொட்டுவது என்பதும் முன்னாலேயே முடிவானது. தெரு ஓரத்தில் குவித்து வைத்துவிட்டுப் போவதில்லை.

நாலாவில் இருந்து அள்ளிய சேற்றை நாலா ஓரத்திலேயே குவித்துவைத்து, முதல் மழையில் அது மறுபடியும் நாலாவுக்குள்ளேயே போய்ச் சேருவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நாற்காலி பறிபோன மேயர்

பனி ஊர்கள் எல்லாம் பிறக்கும்போதே இப்படிப் புத்திசாலியாகப் பிறந்தவை அல்ல. அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டன.

1969-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நியூயார்க் நகரில் சுமார் 15 அங்குலம் பனி கொட்டியது. 42 பேர் இறந்தார்கள். பணக்காரர்களின் மன்ஹாட்டன் பகுதி சீக்கிரம் சுத்தமானது. உழைப்பாளிகளும் நடுத்தரக் குடும்பங்களும் வாழும் குயீன்ஸ் பகுதி பல நாள் பனியில் மூழ்கிக் கிடந்தது. மேயர் ஜான் லிண்ட்சே அங்கே பார்வையிடப் போனபோது மக்கள் அவரைக் கூச்சல் போட்டு விரட்டாத குறைதான்.

1979-ஆம் ஆண்டு ஜனவரியில் சிகாகோ நகரில் நடந்தது இன்னும் பெரிய பாடம். ஏற்கனவே கிடந்த பனியின் மேல் ஒன்றரை அடிக்கு மேல் புதுப் பனி விழுந்தது. சாலைகள் அடைபட்டன. எல்லோரும் ரெயிலை நோக்கி ஓடினார்கள். நகர ரெயில் நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? புறநகரில் இருந்து வருகிறவர்களைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக, கறுப்பின மக்கள் வாழும் பகுதி ஸ்டேஷன்களில் நிற்காமல் வண்டியை விட்டது! பிளாட்பாரத்தில் பனியில் நின்றவர்கள் வண்டி தங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த மாதமே கட்சிக்குள் மேயர் வேட்பாளர் தேர்தல் வந்தது. பதவியில் இருந்த மைக்கேல் பிலாண்டிக் தோற்றார். ஜேன் பைர்ன் என்ற பெண்மணி வென்றார். சிகாகோவுக்கு முதல் பெண் மேயர் கிடைத்தது பனியால்தான் என்று இன்றும் சொல்கிறார்கள்.

1999 ஜனவரியில் டொராண்டோ நகரில் அடுத்தடுத்துப் பனி கொட்டியபோது மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தையே அழைத்தார். மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள். ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் நகரம் அது. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவர்கள் பனியைத் தள்ளி வழி செய்துகொண்டு வேலைக்குப் போகப் பழகிவிட்டார்கள்.

மும்பையில் யார் நாற்காலி போனது? மும்பை மாநகராட்சி மன்றத்தின் காலம் 2022 மார்ச் மாதம் முடிந்தது. அதன் பிறகு 2022, 2023, 2024, 2025 ஆகிய நான்கு மழைக்காலங்கள் கவுன்சிலர்களே இல்லாமல் கழிந்தன. உல்லாஸ்நகரிலும் அதே கதைதான். அந்த ஆண்டுகளில் மேயரே இல்லாத ஊரில் மேயரை எப்படித் தோற்கடித்திருக்க முடியும்? நாலா அடைத்துக்கொண்டபோது யார் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க முடியும்?

நம் நாட்டிலும் முடிகிறது

"அதெல்லாம் பணக்கார நாடு. இங்கே நடக்குமா?" என்று சிலர் கேட்பார்கள்.

நடக்கிறது. லடாக்குக்குப் போகும் சோஜிலா கணவாயில் ஆண்டுதோறும் பனி மலைபோல் குவிகிறது. எல்லைச் சாலை அமைப்பின் ஆட்கள் அதை வெட்டி வழி திறக்கிறார்கள். அந்த வேலையில் பல மாநிலத்துக் கூலித் தொழிலாளர்கள் ஈடுபடுகிறார்கள். காஷ்மீரில் பனிகாலிலும் பாராமுல்லாவிலும் பனி பெய்யும்போது ரெயில்வே பனி வெட்டும் எஞ்சினை முன்னால் விட்டு, பின்னால் பயணிகள் வண்டியை ஓட்டுகிறது. அதுவும் நம் இந்திய ரெயில்வேதான். ஆக, கருவியும் ஆளும் திறமையும் இந்த நாட்டில் இல்லாதவை அல்ல.

பணமும் இல்லாமல் இல்லை. மும்பை மாநகராட்சியின் 2025-26-ஆம் ஆண்டு பட்ஜெட் 74 ஆயிரத்து 427 கோடி ரூபாய்! ஒரு சில மாநிலங்களின் பட்ஜெட்டை விடப் பெரியது இது.

மழை வேறு, பனி வேறு

நியாயத்தையும் பேச வேண்டும். பனி விழுந்த இடத்தில் கிடக்கும். அதை ஆற அமர அள்ளலாம். மழை அப்படி இல்லை. ஓடும், புகும், ஏறும். மும்பையோ கடலைத் தூர்த்து உண்டாக்கிய ஊர். கடல் பொங்கும் நேரத்தில் மழைநீர்க் கால்வாயின் வாய் அடைபட்டுவிடும். ஊர்த் தண்ணீர் கடலுக்குப் போக முடியாது.

2005 ஜூலை 26-ந் தேதியை மறந்தவர் இருக்க முடியாது. சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. மித்தி ஆறு பொங்கிக் குர்லாவையும் தாராவி ஓரத்தையும் விழுங்கியது. உல்லாஸ் ஆறு பொங்கிப் பத்லாப்பூர், உல்லாஸ்நகர், கல்யாண் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. மகாராஷ்டிரத்தில் 1,000 பேருக்கு மேல் இறந்தார்கள். லோக்கல் ரெயில் நின்றது. லட்சக்கணக்கானவர்கள் ஸ்டேஷனிலும் ஆபீசிலும் சாலையிலும் இரவைக் கழித்தார்கள். தண்டவாளத்தின் வழியே நடந்தே வீடு வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

அன்று பெய்த மழையை எந்த நாட்டுக் கால்வாயும் தாங்கியிருக்காது. மும்பையின் பழைய கால்வாய்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்காகக் கட்டப்பட்டவை. அதை 50 ஆக உயர்த்த வேண்டும் என்ற திட்டத்தின் அறிக்கை 1993-லேயே வந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டு அது தூங்கியது. வெள்ளம் வந்த பிறகே விழித்தது.

அதன் பிறகு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ஹாஜி அலி, இர்லா, வொர்லி லவ்குரோவ் முதலிய இடங்களில் பெரிய பம்பு நிலையங்கள் வந்தன. ஊர் முழுவதும் தானியங்கி மழைமானிகள் வைத்தார்கள். தாதர் இந்துமாதாவில் தேங்கும் தண்ணீரைப் பிடித்து வைக்க மைதானத்துக்கு அடியில் தொட்டி கட்டினார்கள். மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு பகுதியில் தண்டவாளத்துக்கு அடியில் துளை போட்டுக் குழாய் பதித்தார்கள். முன்பு நாள் முழுவதும் நின்ற தண்ணீர் இப்போது சில இடங்களில் சில மணி நேரத்தில் வடிகிறது.

ஆனால் கேள்வி அது மட்டும் அல்ல. தண்ணீரை நிறுத்த முடியாவிட்டால் போகட்டும். தண்ணீர் வருகிறது என்று மனிதனுக்கு வேளையோடு சொல்ல முடியாதா? அவன் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் சொல்ல முடியாதா? அதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டுமா? பம்பு வேண்டுமா?

பனி ஊர்களிடம் கற்க வேண்டிய முதல் பாடம் இயந்திரம் அல்ல. வேளையும் ஒழுங்கும்தான்.

மழைக்குக் காலண்டர் தெரியாது

மும்பையில் நாலா தூர் எடுக்கும் வேலையை மே 31-ந் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைப்பது வழக்கம். மழை ஜூன் 11 வாக்கில் வரும் என்பது கணக்கு.

2025-ஆம் ஆண்டு மழை மே 26-ந் தேதியே வந்துவிட்டது. 1950-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லை. தூர் எடுக்கும் வேலை முடியவில்லை. புதிதாகத் திறந்த ஆச்சார்ய அத்ரே சவுக் பாதாள மெட்ரோ ஸ்டேஷனுக்குள் தண்ணீர் புகுந்தது. "மழை முன்னால் வந்துவிட்டது" என்று சொன்னார்கள். குற்றவாளி மழையா?

அதே மே மாதம், மித்தி ஆற்றில் தூர் எடுத்ததாகக் காட்டிய கணக்கில் சுமார் 65 கோடி ரூபாய் மோசடி நடந்ததாக மும்பை போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிவு செய்தது. குற்றம் உண்மையா இல்லையா என்பதைக் கோர்ட்டு சொல்ல வேண்டும். ஆனால் சேறு எடுத்தார்களா இல்லையா என்பதை ஒவ்வொரு மழையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

சப்போரோவில் எத்தனை லாரி பனி அள்ளினார்கள் என்பது தெருவைப் பார்த்தாலே தெரியும். நாலாவின் அடியில் இருக்கும் சேறு யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவேதான் இந்த வேலைக்குக் கணக்கு கூடுதலாக வேண்டும். எந்த நாலாவில் எந்தத் தேதியில் எத்தனை லாரி சேறு எடுத்தோம், எங்கே கொட்டினோம் என்று அந்த நாலா ஓரத்திலேயே பலகை எழுதி வைக்கட்டும். மராத்தியிலும் இந்தியிலும் எழுதட்டும். தாராவியிலும் சீட்டா கேம்பிலும் தமிழிலும் எழுதட்டும். அங்கே குடியிருப்பவர்களே எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள். கெடுவும் மே 31 அல்ல. மே 15 ஆக வேண்டும்.

யார் சொல்வது? யாருக்குச் சொல்வது?

உல்லாஸ்நகர், அம்பர்நாத், பத்லாப்பூர் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. அவர்கள் தூங்குவது தானே மாவட்டத்தில். உழைப்பது மும்பையில். இடையில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம்.

மழை எச்சரிக்கையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வானிலை இலாகா மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. விடுமுறையையும் அந்தந்த மாவட்டமும் மாநகராட்சியும் தனித்தனியாக அறிவிக்கின்றன. மும்பைக்கு ஒரு மாநகராட்சி. தானேக்கு ஒன்று. கல்யாண்-டோம்பிவிலிக்கு ஒன்று. உல்லாஸ்நகருக்கு ஒன்று. அம்பர்நாத்துக்கும் பத்லாப்பூருக்கும் தனித்தனி நகராட்சி. ரெயிலுக்கு மத்திய ரெயில்வே. ஆறுக்கும் அணைக்கும் வேறு இலாகா. மழை ஒன்று. அதற்குச் சொந்தக்காரர்கள் இத்தனை பேர்!

ஆனால் தொழிலாளிக்குத் தெரிய வேண்டியது ஒரே விஷயம்தான். "இன்று வண்டி ஏறினால் சாயங்காலம் வீடு திரும்ப முடியுமா?" இதற்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. ஸ்டேஷன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவைத் திட்டிப் பயன் இல்லை. அவருக்கும் ஒலிபெருக்கியில் வருவதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

2005 வெள்ளத்தன்று சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அதே நாளில் கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டர்தான்! கோட்டைப் பகுதி ஜன்னல் வழியாகப் பார்த்தவருக்கு அது சாதாரண மழை. வடக்கே ஊர் முழுகிக்கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

2019 ஜூலை 26-ந் தேதி இரவு மும்பையில் இருந்து கோலாப்பூருக்குப் புறப்பட்ட மகாலட்சுமி எக்ஸ்பிரஸ், பத்லாப்பூருக்கும் வாங்கணிக்கும் நடுவே வெள்ளத்தில் நின்றது. உல்லாஸ்நகரில் இருந்து சில ஸ்டேஷன் தூரம்தான். விடிந்து பார்த்தால் வண்டியைச் சுற்றிக் கடல்போலத் தண்ணீர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் உள்ளே. கர்ப்பிணிப் பெண்களும் இருந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையும் கடற்படையும் சுற்றுவட்டாரக் கிராம மக்களும் சேர்ந்து படகு விட்டு எல்லோரையும் காப்பாற்றினார்கள். அது பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் உல்லாஸ் ஆறு ஏறிக்கொண்டிருக்கும் இரவில் வண்டி ஏன் போக வேண்டி வந்தது என்பது கேட்க வேண்டிய கேள்வி.

2025 ஆகஸ்ட் 18-ந் தேதி என்ன நடந்தது? காலைப் பள்ளிக்குப் பிள்ளைகள் போன பிறகு, நண்பகலுக்கு மேல் நடக்கும் வகுப்புகளுக்கு விடுமுறை என்று அறிவித்தார்கள். மாட்டுங்காவில் வெள்ளத்தில் நின்றுவிட்ட பள்ளிப் பஸ்ஸில் இருந்து குழந்தைகளைப் போலீசார் மீட்டார்கள். மறுநாள் 19-ந் தேதி ஹார்பர் லைன் நின்றது. கூட்டம் மோனோ ரெயிலில் ஏறியது. பாரம் தாங்காமல் செம்பூர் மைசூர் காலனி அருகே அது அந்தரத்தில் நின்றது. 500-க்கும் மேற்பட்டவர்களை ஏணி வைத்து இறக்கினார்கள். சிகாகோவில் 1979-ல் சாலை அடைத்ததும் கூட்டம் ரெயிலுக்கு ஓடியதே, அதே கதைதான்! ஒரு வழி அடைத்தால் கூட்டம் எந்த வழிக்குப் போகும் என்று முன்னால் யோசிக்க ஆள் இல்லை.

ஆகவே வேண்டியது இதுதான். மழைக்காலம் நான்கு மாதமும், பத்லாப்பூர் முதல் மும்பை வரை உள்ள மாநகராட்சிகளும் ரெயில்வேயும் வானிலை இலாகாவும் சேர்ந்து ஒரே அறையில் உட்கார வேண்டும். விடியற்காலை 4 மணிக்கு ஒரே அறிவிப்பு வர வேண்டும். எந்த லைன் ஓடும், எந்த இடத்தில் அபாயம், எத்தனை மணிக்குக் கடல் ஏறும், யாருக்கு விடுமுறை என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். எந்த அளவு மழைக்கு எந்த உத்தரவு என்பதை மே மாதமே அச்சடித்து ஒட்ட வேண்டும். 10 சென்டிமீட்டர் பனிக்கு வண்டி புறப்படுகிறது அல்லவா? அதைப் போல!

மழை நாளுக்குக் கூலி யார் தருவது?

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது.

"வீட்டில் இருங்கள்" என்று அறிவித்தால் மட்டும் போதுமா? சம்பளம் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவர் இருந்துவிடுவார். கம்ப்யூட்டரில் வேலை செய்பவர் வீட்டில் இருந்தே செய்துவிடுவார். நாக்காவில் நின்று அன்றாடம் வேலை தேடும் மேஸ்திரியும் சித்தாளும் என்ன செய்வார்கள்? நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் என்ன செய்வாள்? இரவெல்லாம் மாவு அரைத்து, விடியற்காலையில் இட்லி அவித்து அலுமினியப் பாத்திரத்தில் சுமந்து விற்கும் தாராவிக்காரர், ரெயில் நின்றதும் அந்த இட்லியை எங்கே கொண்டுபோவார்?

சிவப்பு எச்சரிக்கை என்பது அபாயம் என்று ஒருவருக்குச் சொல்கிறது. இன்னொருவருக்கு அது பட்டினி என்று சொல்கிறது. அதனால்தான் அவர் எச்சரிக்கையைக் கேட்டும் கேட்காதவர்போல இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குகிறார். அவருக்குப் புத்தி இல்லை என்று சொல்பவர்களுக்குத்தான் புத்தி இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது. டெல்லியில் 2024-ஆம் ஆண்டு காற்றில் நச்சுப் புகை கூடியதால் கட்டட வேலையை நிறுத்தினார்கள். வேலை இழந்த பதிவு பெற்ற கட்டடத் தொழிலாளர்களுக்குத் தலைக்கு 8,000 ரூபாய் கொடுக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

டெல்லியில் புகைக்குக் கொடுக்கலாம் என்றால் மும்பையில் மழைக்குக் கொடுக்கக் கூடாதா?

பணம் எங்கே என்று கேட்க வேண்டாம். கட்டடத் தொழிலாளர் நலனுக்காக, கட்டடச் செலவில் ஒரு பங்கு தீர்வையாக வசூலாகிறது. மும்பையிலும் தானேயிலும் எத்தனை கோபுரங்கள் எழும்புகின்றன! மகாராஷ்டிரத்திலும் இதற்கு ஒரு நல வாரியம் இருக்கிறது. சிவப்பு எச்சரிக்கை நாளுக்கு அந்த வாரியத்தில் இருந்து ஒரு நாள் கூலி கொடுப்பது பெரிய காரியம் அல்ல. அப்படிக் கொடுத்தால் பாதி உயிர்ச்சேதத்துக்குக் காரணமே இருக்காது. கூலி உண்டு என்று தெரிந்தால் யார் வெள்ளத்தில் இறங்கப் போகிறார்கள்?

நம்மவர்கள் செய்ய வேண்டியது

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிக்கொண்டு இருந்தால் போதாது.

முதலாவது, பதிவு. ஆண்டில் 90 நாள் கட்டட வேலை செய்த, 18 முதல் 60 வயது வரை உள்ள எவரும் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். தமிழர்களில் எத்தனை பேர் செய்திருக்கிறார்கள்? "நாம் வெளியூர்க்காரர், நமக்குக் கிடைக்காது" என்று ஒதுங்குகிறவர்களே அதிகம். மும்பையின் சாலையும் மாடியும் கட்டியதில் தமிழன் வியர்வை இருக்கிறது. அதில் வசூலான தீர்வையிலும் அவனுக்குப் பங்கு இருக்கிறது. தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பதிவுக்கு மட்டும் உட்கார்ந்தால் அது பெரிய தொண்டு. பொங்கல் விழா மேடையில் போடும் மாலைகளில் பத்தைக் குறைத்தால் செலவு சரியாகிவிடும்.

இரண்டாவது, நாலா. பிளாஸ்டிக் பை, தெர்மாகோல், பழைய மெத்தை, பட்டறைக் கழிவு எல்லாம் நாலாவுக்குத்தான் போகின்றன. உல்லாஸ்நகரின் நடுவே ஓடும் வால்துனி ஆறு ஆறாகவா இருக்கிறது? போட்டவர்களில் எல்லா மொழிக்காரரும் உண்டு. தமிழரும் உண்டு. மே மாதம் நாலாவில் விழுந்த மூட்டை ஜூலை மாதம் அடுப்பங்கரைக்கே திரும்பி வருகிறது. மாண்ட்ரியலில் சங்கு ஊதியும் காரை எடுக்காதவனுக்கு அபராதம். இங்கே நாலாவை அடைப்பவனுக்கு அபராதம் கேட்டால் முதலில் சண்டைக்கு வருபவர் பக்கத்து வீட்டுக்காரராகவே இருப்பார்!

மூன்றாவது, இடம். வண்டி நின்ற இரவில் பெண்களும் குழந்தைகளும் எங்கே ஒதுங்குவது? தண்ணீர் புகாத உயரத்தில் உள்ள பள்ளிகள், மண்டபங்கள், கோவில்களின் பட்டியலை ஒவ்வொரு பகுதிச் சங்கமும் மே மாதமே தயாரித்து ஒட்டலாம். குடிதண்ணீர், விளக்கு, பெண்களுக்குக் கழிப்பிடம் இருக்கிறதா என்று பார்த்து வைக்கலாம். செம்பூர் மாகுலில் 2021 ஜூலை 18-ந் தேதி நள்ளிரவுக்குப் பிறகு மண்ணோடு சுவர் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் செத்தார்கள். அந்த இரவில் மலைச் சரிவுக்காரர்கள் ஒதுங்க ஓர் இடம் இருந்து, அதை யாராவது போய்ச் சொல்லியும் இருந்தால், சில உயிர்களாவது மிஞ்சியிருக்கும்.

பாராட்டு வேண்டாம், பதில் வேண்டும்

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஒரு பாராட்டு வருகிறது. "மும்பைக்காரன் மறுநாளே வேலைக்குப் போய்விட்டான். என்ன மனத்திடம்!" என்கிறார்கள். தண்டவாளத்தில் நடந்தவனுக்கும், தண்ணீரில் தள்ளுவண்டியை இழுத்தவனுக்கும் பத்திரிகையில் படம் போடுகிறார்கள்.

அது மனத்திடம் மட்டும்தானா? மறுநாளும் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் போகிறான். அவன் பொறுமையைப் புகழ்ந்து புகழ்ந்தே மற்றவர்கள் தங்கள் வேலையை மறந்துவிட்டார்கள்.

வெள்ளம் வந்த பிறகு அணை போட்டுப் பயன் இல்லை என்பது கிராமத்துக் கிழவிக்கும் தெரிந்த பாடம். பனி கொட்டும் நகரங்கள் அதைத் தெரிந்துகொண்டு, கோடையிலேயே வண்டிகளைப் பழுது பார்க்கின்றன. மழை கொட்டும் மும்பையும் தானேயும் உல்லாஸ்நகரும் அடுத்த மே 15-க்குள் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும். நாலாவில் இருந்து எத்தனை லாரி சேறு எடுத்தீர்கள்? விடியற்காலை 4 மணிக்கு யார் சொல்வார்கள்? மழை நாளின் கூலியை யார் தருவார்கள்?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால், அடைமழை நாளிலும் உல்லாஸ்நகர்த் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரியும். அவன் உயிரோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.